விடுதலை மணியும் நீலமலையும்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு பழைய மணி இருக்கிறது. 1751-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாக் குடியேற்றத்தின் சட்டமன்றம் இலண்டனிலிருந்து வரவழைத்த மணி அது. வந்திறங்கியதும் அடித்துப் பார்த்தபோதே விரிசல் கண்டது. உள்ளூர் வார்ப்பாளர் இருவர் அதை உருக்கி மீண்டும் வார்த்தனர். பின்னாளில் அதுவும் விரிந்தது. இன்று அது ஒலிப்பதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் அதைக் காணச் செல்கிறார்கள். அடிமை ஒழிப்புக்குப் போராடியவர்கள் 1830-களில் அதற்கு 'விடுதலை மணி' என்று பெயரிட்டார்கள். அப்பெயரே நிலைத்துவிட்டது.

அம்மணியின் மேல் விவிலிய வாக்கு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. லேவியர் நூல், 25-ஆம் அதிகாரம், 10-ஆம் வசனம். நாட்டில் வாழ்வோர் அனைவருக்கும் விடுதலையை அறிவிக்கக் கட்டளையிடும் வசனம் அது. விவிலியத்தைத் திறந்து அவ்வசனத்தை முழுமையாக வாசிப்போர்க்கு ஒன்று விளங்கும். மணியில் இருப்பது வசனத்தின் ஒரு பகுதியே. ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி ஆண்டைப் பற்றிய அவ்வசனம், விடுதலை பெற்றவன் தன் நிலத்துக்கும் தன் சுற்றத்தாரிடத்துக்கும் திரும்பிச் செல்ல வேண்டும் என்று சொல்லி முடிகிறது. நிலத்தையும் குடும்பத்தையும் பற்றிய அந்தப் பிற்பகுதி மணியில் இல்லை.

அமெரிக்க வரலாற்றின் திருப்பங்கள் என்று நம் பிள்ளைகள் பாடநூலில் படிப்பவை 1776, 1863, 1964 முதலிய ஆண்டுகள். அவற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பாதி வசனம் என் நினைவுக்கு வரும். ஏனெனில், நாம் வாழும் இந்த நீலமலையின் வரலாறும் அதே பாதி வசனத்தில்தான் நின்று கொண்டிருக்கிறது. கடல் கடந்த அந்நாட்டின் கதைக்கும் நம் மலையின் கதைக்கும் உள்ள தொடர்பு நாம் எண்ணுவதைவிட நெருக்கமானது.

தோற்ற தளபதி வென்ற நாடு

1773-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டன. அத்தேயிலை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமானது, சீனத்தில் விளைந்தது. அந்நாளில் நீலகிரியில் ஒரு தேயிலைச் செடியும் இல்லை. தங்களைக் கேளாமல் விதிக்கப்பட்ட வரியை ஏற்க மாட்டோம் என்ற குடியேற்ற மக்களின் எதிர்ப்பு போராகி, 1776-இல் விடுதலைப் பிரகடனமாகி, 1781 அக்டோபர் 19-இல் யார்க்டவுன் என்னுமிடத்தில் ஆங்கிலப் படையின் சரணடைவில் முடிந்தது. சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ் பிரபு.

அமெரிக்காவை இழந்த அதே காரன்வாலிஸ் 1786-இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார். 1792-இல் திப்பு சுல்தானை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முற்றுகையிட்டு, அவருடைய நாட்டில் பாதியையும் அவருடைய மைந்தர் இருவரைப் பிணையாகவும் பெற்றார். எஞ்சிய பாதியும் 1799 மே 4-இல் திப்புவின் வீழ்ச்சியோடு போயிற்று. கோயம்புத்தூர்ப் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தபோது அதனோடு நீலமலையும் சேர்ந்தே வந்தது. மேற்கில் ஒரு நாடு விடுதலை பெற்ற வரலாறும் கிழக்கில் ஒரு மலை விடுதலை இழந்த வரலாறும் ஒரே மனிதரின் வாழ்நாளில் இவ்வாறு பின்னிக் கிடக்கின்றன. மலைமேல் எருமை மேய்த்துக்கொண்டிருந்த தோதவருக்கோ, உழுதுகொண்டிருந்த படகருக்கோ, இரும்பும் மண்ணும் கொண்டு கருவிகளும் பாண்டங்களும் செய்துகொண்டிருந்த கோத்தருக்கோ இதை யாரும் கேட்டுச் செய்யவில்லை.

ஐரோப்பியர் இம்மலையை அறிந்தது அதற்கும் நெடுநாள் முன்பு. 1603-இல் இயேசு சபைக் குரு ஜாக்கோமோ பெனிச்சியோ மலபார்க் கரையிலிருந்து மேலேறி வந்து தோதவரையும் படகரையும் கண்டு எழுதிவைத்தார். பழங்காலக் கிறிஸ்தவர்கள் யாரேனும் இங்கு இருக்கக்கூடுமோ என்று தேடி வந்த பயணம் அது. அவர் கண்டார், உரையாடினார், எழுதினார், இறங்கிச் சென்றார். மலை மலையாகவே இருந்தது.

1823 என்னும் ஆண்டு

திருப்பம் வந்தது ஜான் சல்லிவனோடு. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த அவர் 1819-இல் மலையேறி வந்தார். 1822-இல் உதகையில் கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார். தொடர்ந்து ஏரி அமைக்கும் பணியும் நடந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் பயிரிட்டு வளர்த்த உருளைக்கிழங்கு, சல்லிவன் காலத்தில்தான் நம் மலையில் வேரூன்றியது. பின்னர் 1860-களில் அதே ஆண்டிஸ் மலையின் சிங்கோனா மரமும் வந்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் காய்ச்சலுக்கு மருந்தாக வளர்க்கப்பட்டது. அதன் பட்டையை ஐரோப்பாவுக்கு முதலில் அறிமுகம் செய்தவர்கள் இயேசு சபையினர் என்பதால் அதற்கு இயேசு சபையார் பட்டை என்ற பெயரே உண்டு. இவ்வாறு அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள் நம் மலைச் சரிவுகளில் குடியேறின.

பயிர்களுக்கு இடம் கிடைத்தது. மனிதர்களின் இடம் என்னவாயிற்று?

சல்லிவனிடம் ஒரு முரண்பாடு இருந்தது. பெரும் நிலப்பரப்பைத் தம் வசமாக்கிக்கொண்ட அவரே, இம்மலை நிலத்தின் உடைமையாளர் தோதவர்களே என்றும், அவர்களுக்கு ஈடு செய்யாமல் நிலம் எடுப்பது முறையன்று என்றும் அரசிடம் வாதாடினார். சென்னை ஆளுநர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. பல்லாண்டு வழக்காடலுக்குப் பின், தோதவருக்கு இருப்பது எருமை மேய்க்கும் உரிமை மட்டுமே. நிலம் அவர்களுடையதன்று என்பதே கம்பெனியின் நிலைப்பாடாயிற்று.

இதே கேள்விக்கு இதே விடையை 1823-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தந்திருந்தது. அந்நாட்டின் பூர்வகுடிகளுக்குத் தம் நிலத்தில் வாழும் உரிமை உண்டு. உடைமை உரிமையோ கண்டுபிடித்து வந்த அரசுக்கே உரியது என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். 1830-இல் பூர்வகுடிகளை அகற்றும் சட்டம் அங்கே நிறைவேறியது. 1838-இல் செரோக்கி இனத்தார் படைவீரர் காவலில் மேற்கே நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பர். கண்ணீர்ப் பாதை என்று வரலாறு அதை அழைக்கிறது.

அதே 1823-ஆம் ஆண்டில் இன்னொரு பாதையும் திறந்தது. இலங்கையின் கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் என்பவர் காப்பித் தோட்டம் தொடங்கினார். அத்தகைய தோட்டங்களுக்காகத் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளின் பின்னே கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் காய்ச்சலாலும் பசியாலும் வீழ்ந்தவர் பலர். 1869-இல் காப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறியபோதும் கூலி மாறவில்லை, லயமும் மாறவில்லை.

2022-இல் உதகையின் இருநூறாம் ஆண்டை அரசு விழா எடுத்துக் கொண்டாடியது. அடுத்த ஆண்டே இலங்கை மலையகத் தமிழர் தம் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தனர். இரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஆனால் இவ்விரு கதைகளும் இம்மலையிலேயே ஒருநாள் சந்தித்தன. அச்சந்திப்பைச் சொல்லுமுன் மீண்டும் ஒருமுறை அமெரிக்காவுக்குச் சென்று வர வேண்டும்.

நாற்பது ஏக்கர்

1863 சனவரி முதல் நாளன்று ஆபிரகாம் லிங்கன் அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டார். போர் நடந்துகொண்டிருந்ததால் அச்செய்தி எங்கும் எட்டவில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் இராணுவ அதிகாரி ஒருவர் அதை அறிவித்தது 1865 சூன் 19-இல்தான். இரண்டரை ஆண்டுக் காலம், சட்டப்படி விடுதலை பெற்ற மனிதர்கள் அதை அறியாமலே அடிமைகளாக உழைத்திருக்கிறார்கள்.

அதே 1865-ஆம் ஆண்டு சனவரியில் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். கடற்கரைப் பகுதிகளில் கைப்பற்றப்பட்ட பண்ணை நிலங்களை, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரையில் பிரித்துத் தர வேண்டும் என்பது அவ்வாணை. ஏறத்தாழ 40,000 மக்கள் அந்நிலங்களில் குடியேறி விதைத்தனர். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே நிலங்களைப் பழைய பண்ணையாருக்குத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அரும்பிய பயிரை விட்டு அகன்ற மக்கள், அதே பண்ணைகளில் வாரத்துக்கு உழுது கடனாளிகளாயினர். அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தமும் அதே ஆண்டு டிசம்பரில்தான் நிறைவேறியது. சட்டத்தில் விடுதலை எழுதப்பட்ட ஆண்டிலேயே காலடி மண் பறிக்கப்பட்டது. மணியில் இல்லாத பிற்பகுதி வாழ்விலும் இல்லாமற்போயிற்று. கறுப்பின மக்கள் சமத்துவத்துக்காக இன்னும் நூறாண்டு போராட வேண்டியிருந்ததன் வேர்களில் இது முதன்மையானது.

1964: இரண்டு கையொப்பங்கள்

அந்த நூறாண்டுப் போராட்டத்தின் விளைவாக, 1964 சூலை 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் குடியுரிமைகள் சட்டத்தில் கையொப்பமிட்டார். அமெரிக்க வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

அதே 1964 அக்டோபர் 30-இல் புதுதில்லியில் இன்னொரு கையொப்பம் விழுந்தது. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாடு அது. இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் ஒன்றினால் தோட்டத் தமிழர்கள் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர்; 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. தேயிலையால் அந்நாட்டை வாழவைத்தவர்கள் எந்நாட்டுக்கும் உரியவரல்லாமல் பதினாறு ஆண்டுகள் இருந்தனர். இவர்கள் 9,75,000 பேர் எனக் கணக்கிட்ட உடன்பாடு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தது. 1974-இல் அவர்களும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர்.

இலட்சங்களின் கழித்தல் கணக்கில் ஒரு வீட்டின் துயரம் தெரிவதில்லை. தந்தை இந்தியாவுக்கு விண்ணப்பித்திருப்பார். மணமான மகள் இலங்கைக்கு விண்ணப்பித்த கணவரோடு இருப்பாள். அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு வேறொரு நாடு என்றாயிற்று. மலையகத்திலிருந்து மக்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்படும் இரயிலுக்கு அம்மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். இறந்தவருக்காக அழும் அழுகையை, உயிரோடிருப்பவருக்காக நிலையத்தில் நின்று அழுதார்கள். அமெரிக்காவின் கண்ணீர்ப் பாதை நமக்குத் தொலைவிலுள்ள கதையன்று. நம் மொழியிலேயே அதற்குப் பெயர் உண்டு.

யூபிலி வசனம் விடுதலை, நிலம், சுற்றம் என்ற மூன்றையும் ஒன்றாகச் சொல்கிறது. 1964-இன் உடன்பாடு குடியுரிமை என்னும் தாளைக் கொடுத்துச் சுற்றத்தைப் பிரித்தது. நிலத்தைப் பற்றி அதில் பேச்சேயில்லை.

கொழுந்துக் கூடையோடு வந்தவர்கள்

கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, குடும்ப அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இம்மக்கள் தமிழகத்தின் பல மூலைகளுக்கும் அனுப்பப்பட்டனர். சிறு கடைக்குக் கடன், நூற்பாலையில் வேலை என்று பலவகைத் திட்டங்கள் தீட்டப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைகளுக்குச் சமவெளியின் வாணிகம் கைவரவில்லை. கடன் தீர்ந்தது, கடை மூடியது. மலையும் குளிரும் தேயிலையும் எங்குண்டோ அங்கே அவர்களின் கால்கள் தாமே நடந்தன. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று நம் மலை நிரம்பியது.

அரசும் இதை உணர்ந்தே 1968-இல் வனத்துறையின் வழியாக அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-இல் அது குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. நாம் 'டான்டீ' என்றழைப்பது இதைத்தான். தாயகம் திரும்பியோர்க்கு வேலையும் கூரையும் தந்த இந்நிறுவனம் ஏறத்தாழ 4,000 எக்டேரில் தேயிலை வளர்த்தது. அது செய்த நன்மையை மறுப்பது நன்றி மறப்பதாகும். எத்தனையோ பிள்ளைகள் அத்தோட்ட வீடுகளிலிருந்து பள்ளிக்குச் சென்று, ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் உயர்ந்திருக்கிறார்கள்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுக்கப்பட்டது வேலை; வீடு அவ்வேலையோடு ஒட்டியது. வேலை உள்ள வரையில் வீடு. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைக்க வேண்டும். கண்டிச் சீமையில் துரையின் லயத்தில் பிறந்தவர், நீலகிரியில் கழகத்தின் லயத்தில் முதுமை அடைந்தார். இரு நாடுகளிலும் அவர் நட்ட செடிகள் வேரூன்றின. அவருக்கு ஊன்ற ஓரடி மண் இல்லை.

2022-இல் இவ்வினா கூர்மையடைந்தது. இழப்பில் இயங்கிய கழகத்தின் தோட்டங்களில் 2,000 எக்டேருக்கு மேற்பட்ட பரப்பை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க அரசு ஆணையிட்டது. செய்தி கேட்ட தொழிலாளர் குடும்பங்கள் திகைத்தன. ஒருமுறை கப்பலேறியவர்களின் பிள்ளைகள், மறுமுறையும் மூட்டை கட்ட வேண்டுமோ என்று கேட்டார்கள். 1865-இல் அரும்பிய பயிரை விட்டு அகன்ற அந்த மக்களின் கேள்வியும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

யாருடைய மண்?

இந்த இடத்தில் நம் மனச்சான்று இன்னும் ஒரு படி ஆழமாக இறங்க வேண்டும். தேயிலைக்காக வெட்டப்பட்ட காடு வெற்றிடமாகவா இருந்தது? கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் அக்காடுகளையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். நிலம்பூர்க் கோவிலகத்தின் சன்ம நிலங்களைப் பற்றி 1969-இல் சட்டம் வந்தது. வழக்குகளோ பல்லாண்டுகள் நீண்டன. கூடலூர்க் காடுகளை வெட்டுவதைப் பற்றி எழுந்த வழக்கிலேதான் 1996 டிசம்பரில் நாடு முழுவதற்குமான காடுகாப்பு ஆணைகளை உச்ச நீதிமன்றம் பிறப்பித்தது. தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்தவரின் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. கால்வெஸ்டனுக்கு வந்த செய்தியைப் போல, அதுவும் கடைசி மனிதரை எட்டக் காலம் பிடிக்கிறது.

ஆக, நாடற்றவருக்குக் கொடுக்கப்பட்டது, காடிழந்தவரின் இடம். இருவருமே ஏழைகள். இருவருமே கேட்கப்படாதவர்கள். ஒருவருக்கு நீதி செய்ய மற்றவரிடமிருந்து எடுப்பது எளிது. அமெரிக்காவும் அவ்வாறுதான் செய்தது. ஐரோப்பாவின் ஏழைக் குடியேறிகளுக்கு அது தாராளமாக வழங்கிய நிலம் பூர்வகுடிகளின் நிலம். ஏழைக்கு ஏழையைப் பகையாக்கிவிட்டுப் பெரிய உடைமைகளைத் தொடாமல் விடும் நீதி யூபிலியின் நீதியாகாது. லேவியர் நூலின் அந்த அதிகாரம் நிலத்தை என்றென்றைக்குமாக விற்றுவிடத் தடை விதிக்கிறது. நிலம் ஆண்டவருடையது, நாம் அவரிடத்தில் தங்கியிருப்போரே என்பதுதான் அது கூறும் காரணம். பட்டா வைத்திருப்பவரையும் இல்லாதவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் சொல் அது.

நம் பங்கு ஆலயங்களில் ஞாயிறு திருப்பலிக்கு வரும் முதியோரைப் பாருங்கள். அட்டனிலும் நுவரெலியாவிலும் திருமுழுக்குப் பெற்றவர்கள் அவர்களுள் உண்டு. அறுபது ஆண்டுகள் கழிந்தும் நம்மில் பலர் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றே அழைக்கிறோம். அங்கே அவர்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே சிலோன்காரர் என்கிறோம். பெயரளவில்கூட அவர்களை இன்னும் வீடு வந்து சேரவிடவில்லை. பணியர் குடியிருப்புக்கு நம்மில் எத்தனைபேர் ஒருமுறையேனும் சென்றிருக்கிறோம் என்பதையும் அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரலாற்றின் திருப்பங்களை நாம் கையொப்பங்களின் நாள்களால் குறித்துக்கொள்கிறோம். 1863 சனவரி 1, 1964 அக்டோபர் 30. கையொப்பம் ஒரு நொடியில் முடிந்துவிடும். அது ஒரு குடும்பத்தின் அடுப்படியை எட்டும் நாளிலேதான் திருப்பம் நிறைவு பெறுகிறது. அந்நாளைக் கொண்டுவருவது ஆட்சியாளரின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டேயிருப்பது நம் கடமை. ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு ஒரு வீட்டின் பத்திரம், காட்டுமக்களுக்கு அவர்கள் காட்டின் உரிமை ஆகிய இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக்காமல் சேர்த்துக் கேட்கும் குரல் இம்மலையில் எழ வேண்டும். பிலடெல்பியாவின் மணி பேசாமற்போய் நெடுநாளாயிற்று. நம் ஆலய மணிகளில் விரிசல் இல்லை.